அதிர்வில் கழலாத நட்டு: வடிவமைக்க முடியுமா?

கேள்வி | 2023 ஜூலை 2, காலை

கரூர் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கல் உடைக்கிற கிரஷர்களுக்கு அதிர்வுச் சல்லடை செய்து கொடுக்கிறோம். சல்லடைத் தட்டைச் சட்டத்தோடு பிடிக்கிற எம்16 (16 மி.மீ. விட்டம்) நட்டுகள் ஒரு வாரத்துக்குள் லூஸாகிவிடுகின்றன. ஸ்பிரிங் வாஷர் போட்டாச்சு, மேலே இரண்டாவதாகச் செக் நட்டு போட்டாச்சு, நைலான் வளையம் வைத்த நைலாக்கும் பார்த்தாச்சு. என் யோசனை இது: நட்டின் மரை வட்டமாக இருப்பதால்தானே சுலபமாகச் சுற்றுகிறது? அதைக் கொஞ்சம் முட்டை வடிவத்துக்கு நசுக்கிவிட்டால் போல்ட்டைக் கவ்விக்கொள்ளும், அப்புறம் கழலவே கழலாது. பிரஸ்ஸில் நானே செய்து விற்கலாம் என்று பார்க்கிறேன். பராமரிப்பு வேலையில் இருந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள், இது சரிவருமா?

2023 ஜூலை 2, இரவு

தம்பி, நசுக்கிய நட்டு ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. நட்டின் மேல் பகுதியை இரண்டு மூன்று பக்கம் அழுத்தி, மரையின் வட்டத்தைக் கெடுத்திருப்பார்கள். ஸ்டோவர் நட்டு என்று கேட்டால் பெரிய கடைகளில் தெரியும். முழுக்க உலோகம் என்பதால் நைலான் தாங்காத சூட்டிலும் நிற்கும். எக்ஸாஸ்ட் பக்கம் அதற்குத்தான் போடுகிறார்கள்.

செய்ய முடியுமா என்றால் முடியும். உங்கள் சல்லடைக்கு அதுதான் மருந்தா என்றால் இல்லை. காரணத்தை நாளைக்கு நிதானமாக எழுதுகிறேன். அதற்குள் மூன்று விவரம் சொல்லுங்கள்: போல்ட் பிடிக்கிற தகடுகளின் மொத்தக் கனம், தட்டின் எடை, என்ன ஸ்பேனரில் டைட் வைக்கிறீர்கள்.

2023 ஜூலை 3

நட்டு தானாகச் சுற்றிக் கழல்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். முதலில் நகர்வது நட்டு இல்லை, தகடு.

கணக்கைப் பாருங்கள். மரை என்பது போல்ட்டைச் சுற்றி ஏறுகிற சரிவு. எம்16 சாதா மரையில் அந்தச் சரிவு சுமார் இரண்டரை பாகைதான். எண்ணெய் லேசாகப் பட்ட இரும்பில் உராய்வு தாங்கிப் பிடிக்கிற கோணம் ஒன்பது பாகைக்கு மேல் வரும். இரண்டரைப் பாகைச் சரிவில் எதுவும் தானாக இறங்கக் கூடாது. சும்மா நிற்கிற இயந்திரத்தில் நட்டு பல வருஷம் அப்படியே இருப்பது இதனால்தான்.

அதிர்வில் மட்டும் ஏன் இறங்குகிறது? இதற்குத் தெளிவான விடை 1969-இல் வந்தது. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ஒரு சோதனை இயந்திரம் கட்டினார். போல்ட் போட்டுப் பிடித்த ஒரு தகட்டை எக்சென்ட்ரிக் (மையம் விலகிச் சுற்றும் சக்கரம்) வைத்துக் குறுக்கே, அதாவது போல்ட்டுக்குச் செங்குத்தாக, ஆட்டினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போல்ட்டின் பிடிப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். போல்ட்டை நீளவாக்கில் இழுத்து இழுத்து விட்டால் பிடிப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குறுக்கே ஆட்டி, தகடு வழுக்க ஆரம்பித்ததும் நட்டு மளமளவென்று கழன்றுவிடும்.

சாய்த்து வைத்த பலகையில் ஒரு செங்கல் இருக்கிறது. தானாக இறங்காது. ஆனால் அதைப் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் நகர்வதோடு கீழேயும் கொஞ்சம் இறங்கும். உராய்வு ஒரு நேரத்தில் ஒரு திசையைத்தான் தடுக்கும். பக்கவாட்டு வழுக்கலைத் தடுப்பதில் அது செலவாகிவிட்டால், சரிவில் இறங்குவதைத் தடுக்க மிச்சம் இருக்காது. நட்டின் மரையிலும் அடிப்பக்கத்திலும் இதேதான் நடக்கிறது.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். நட்டைச் சுற்றவிடாமல் செய்வது இரண்டாவது வேலை. தகடு வழுக்காமல் செய்வது முதல் வேலை.

2023 ஜூலை 3, சாயங்காலம்

ஒரு சொல்லைத் தீர்மானித்துக்கொள்வோம், இல்லாவிட்டால் குழப்பம் வரும். போல்ட்டை டைட் வைக்கும்போது அது மிகக் கொஞ்சம் நீளுகிறது. நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த விசைதான் தகடுகளைச் சேர்த்து அமுக்குகிறது. இங்கே அதை இழுவை என்று எழுதுகிறேன். ஸ்பேனரில் நாம் கொடுக்கிற திருப்பு விசை வேறு, இழுவை வேறு. கொடுக்கிற திருப்பு விசையில் பாதி நட்டின் அடியில் உராய்வுக்குப் போகிறது, சுமார் 40 சதவீதம் மரை உராய்வுக்குப் போகிறது. மிச்சம் 10 சதவீதம்தான் இழுவையாக மாறுகிறது. துருப்பிடித்த மரையில் அந்தப் பத்தும் வராது.

2023 ஜூலை 5

ராணிப்பேட்டை நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார், ஸ்பிரிங் வாஷர் இல்லாமல் எந்த இயந்திரமாவது வெளியே போகுமா என்று. போகும் ஐயா. ஸ்பிரிங் வாஷர் தன் சுருளில் விறைப்பாக இருப்பது டைட் வைக்கத் தொடங்கும் வரைதான். முழு இழுவையில் ஒரு சிறு பங்கு வந்ததுமே அது தட்டையாகப் படுத்துவிடும். அதற்கு மேல் அது வெறும் வாஷர், அதுவும் ஒரு பக்கம் வெட்டிய வாஷர். நாசா 1990-இல் வெளியிட்ட போல்ட் வடிவமைப்புக் கையேட்டில், பூட்டுவதற்கு இது பயனற்றது என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். யுங்கர் இயந்திரத்தில் போட்டால், சாதா நட்டு கழல்கிற வேகத்திலேயே ஸ்பிரிங் வாஷர் போட்டதும் கழல்கிறது.

நான் வேலை பார்த்த ஆலையில் அதிர்வு ஃபீடரின் ஒவ்வொரு நட்டின் அடியிலும் ஸ்பிரிங் வாஷர் இருந்தது. ஷிஃப்ட் தொடங்கும்போது அந்த நட்டுகளை டைட் வைப்பதற்கென்றே ஒரு ஹெல்ப்பரும் இருந்தார்.

2023 ஜூலை 6

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயில் தண்டவாள இணைப்பில் ஃபிஷ்பிளேட் (இரண்டு தண்டவாளத்தைச் சேர்க்கும் பக்கத் தகடு) போல்ட்டுக்குத் தடித்த ஒற்றைச் சுருள் வாஷர் போடுகிறார்களே, அது எதற்கு என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் தண்டவாளம் வெயிலில் நீண்டு, குளிரில் சுருங்க வேண்டும். போல்ட்டை முழு மூச்சாக டைட் வைத்தால் அது நகராது. ஆக அங்கே இழுவை குறைவாக இருக்க வேண்டும், தேய்மானம் வந்தாலும் பிடிப்பு போகக் கூடாது. தடித்த சுருள் அந்த வேலையைச் செய்கிறது. அதை ஆள் போட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்கவும் செய்கிறார்கள். உங்கள் சல்லடைக்குத் தேவை முழு இழுவை. இரண்டும் ஒன்றல்ல.

2023 ஜூலை 8

செக் நட்டு. கேள்வி கேட்ட தம்பி போட்டோ அனுப்பியிருக்கிறார். நினைத்தபடியே தடித்த நட்டு கீழே, மெல்லிய நட்டு மேலே. நம் ஊரில் பத்துப் பட்டறையில் ஒன்பதில் இப்படித்தான் இருக்கும்.

மெல்லியதுதான் கீழே வர வேண்டும். முதலில் மெல்லிய நட்டைப் பாதிக்கும் குறைவான விசையில் டைட் வையுங்கள். அப்புறம் தடித்த நட்டை அதன் மேல் இறக்கி, மெல்லியதை மெல்லிய ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேல் நட்டுக்கு முழு விசை கொடுங்கள். அப்போது மேல் நட்டு போல்ட்டை மேலே இழுக்கும், கீழ் நட்டு எதிர்ப்பக்க மரையில் போய் அழுந்தும். இரண்டும் போல்ட்டை எதிரெதிர்த் திசையில் கவ்வி, மரையில் இருக்கிற ஆட்டத்தைத் தீர்த்துவிடும். கடைசியில் பாரம் முழுவதும் வருவது மேல் நட்டில். அதனால்தான் தடித்தது மேலே.

மேல் நட்டைத் திருகும்போது கீழ் நட்டைப் பிடிக்காமல் விட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும். பூட்டு விழாது. செக் நட்டு உபயோகமில்லை என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு படியைப் பாருங்கள்.

2023 ஜூலை 9

விவரம் வந்துவிட்டது: தகடு 12 மி.மீ., சட்டம் 12 மி.மீ., ஆக போல்ட் பிடிக்கிற கனம் 24 மி.மீ. தட்டின் எடை 400 கிலோ. எட்டு போல்ட். ஆட்டத்தின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்கு வரும்படி வடிவமைத்திருக்கிறார். போல்ட் 8.8 தரம். டைட் வைப்பது 24 நம்பர் ரிங் ஸ்பேனரால், கை பலத்தில்.

400 கிலோவை ஐந்து மடங்கில் ஆட்ட சுமார் 20 கிலோநியூட்டன் விசை, அதாவது இரண்டு டன் பாரம் மாதிரி. எட்டால் வகுத்தால் ஒரு போல்ட்டுக்கு இரண்டரை. எம்16, 8.8 போல்ட்டை ஒழுங்காக டைட் வைத்தால் இழுவை 72 கிலோநியூட்டன் அளவில் இருக்கும். தகட்டுக்கும் தகட்டுக்கும் உராய்வு 0.15 என்று வைத்தால், ஒரு போல்ட் இருக்கிற இடத்தில் கிட்டத்தட்ட 11 கிலோநியூட்டன் வரை வழுக்காமல் தாங்கும். தேவை இரண்டரை, கையில் பதினொன்று. நாலு மடங்கு இருக்கிறது! அப்படியானால் சாதா நட்டே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை என்றால் 72 கிலோநியூட்டன் அங்கே இல்லை என்று அர்த்தம். ஏன் இல்லை? அந்த இழுவைக்கு 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் திருப்பு விசை வேண்டும். ஸ்பேனர் நீளம் ஓர் அடி, அதாவது 300 மி.மீ. அதன் நுனியில் 68 கிலோ அமுக்க வேண்டும். ஏணியில் நின்றுகொண்டு, சட்டத்துக்குள் கையை விட்டு, யாரால் 68 கிலோ அமுக்க முடியும்? பாதி வந்தால் பெரிது. எவ்வளவு திருப்பு விசை என்று காட்டுகிற டார்க் ரெஞ்ச் வாங்குங்கள் தம்பி. புது நட்டுக்கு அச்சு (டை) செய்கிற செலவைவிட அது குறைவு.

2023 ஜூலை 12

இந்த விஷயத்தை எழுதத்தான் நான் இங்கே வந்ததே.

ஆலையில் வருஷக்கணக்காகக் கண்ணில் பட்டது ஒன்று உண்டு. கிரஷரின் உடம்பை மேலிருந்து கீழ்வரை துளைத்துப் போகிற நீள போல்ட்டுகளின் நட்டு அசையாது. அதே இயந்திரத்தில் உள்ளே தேய்மானம் தாங்குகிற லைனர் தகட்டைப் பிடிக்கிற குட்டை போல்ட்டுகள் மாதாமாதம் லூஸாகும். அதே கம்பெனி போல்ட், அதே தரம், அதே ஆள் டைட் வைத்தது. நீளம் மட்டும்தான் வித்தியாசம்.

கணக்கு இதைச் சொல்கிறது. 72 கிலோநியூட்டன் இழுவையில், 24 மி.மீ. பிடிக்கிற எம்16 போல்ட் நீளுவது சுமார் 0.054 மி.மீ. தலைமுடிக் கனம்கூட இல்லை. இப்போது தகடுகளின் மேடுபள்ளம் அமுங்கி, பெயின்ட் நசுங்கி, மொத்தம் 0.015 மி.மீ. தொய்ந்தது என்று வையுங்கள். நட்டு ஒரு சுற்றில் நூறில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை, ஆனால் இழுவையில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. அதே போல்ட் 100 மி.மீ. பிடித்தால் நீளுவது 0.22 மி.மீ. அதே 0.015 தொய்ந்தால் இழப்பு ஏழு சதவீதத்துக்குள்தான். தகடுகள் அமுங்குகிற கணக்கையும் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் மாறும், நிலைமை மாறாது.

விட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் பிடிப்பு நீளம் இருந்தால் நல்லது என்று கைவிதி உண்டு. எம்16-க்கு 80 மி.மீ. உங்களுடையது ஒன்றரை மடங்கு. போல்ட்டை நீளமாக வாங்கி, நட்டுக்கு அடியில் தடித்த பைப் துண்டு ஒன்றை, இரண்டு முனையும் லேத்தில் சமமாகக் கடைந்து, ஸ்லீவாகப் போடுங்கள். இதற்கு எந்தப் புது நட்டும் வேண்டாம்.

2023 ஜூலை 13

பெயின்ட். சட்டத்துக்குத் தடிமனாக இரண்டு கோட் அடித்து, அதன் மேலேயே வாஷரை உட்கார வைக்கிறீர்கள் என்று போட்டோவில் தெரிகிறது. நட்டு உட்காரும் இடத்திலும், தகடு தகட்டோடு சேரும் இடத்திலும் பெயின்ட் இருக்கவே கூடாது. அது வாரக்கணக்கில் மெல்ல மெல்ல நசுங்கும்.

2023 ஜூலை 16

நைலாக் ஏன் ஏமாற்றியது என்று கேட்டிருக்கிறார். ஏமாற்றவில்லை. அது வாக்குக் கொடுத்ததே வேறு.

நைலாக்கின் நைலான் வளையம் மரையை இறுக்கிப் பிடிக்கிறது. யுங்கர் சோதனையில் இழுவை குறைவதைக் காட்டும் வரைகோடு அதற்கு இப்படிப் போகும்: முதலில் சாதா நட்டு மாதிரியே இழுவை இறங்கும், நன்றாக இறங்கிய பிறகு, நைலானின் பிடி மிச்ச இழுவையைவிடப் பெரிதாகிவிட, நட்டு அங்கேயே நிற்கும். கீழே விழாது. ஆனால் தகடுகள் நடுவே பிடிப்பு போயிருக்கும், ஆடிக்கொண்டிருக்கும், கடைசியில் போல்ட் உடையும். நீங்கள் சொல்கிற முட்டை வடிவ நட்டும் இதே சாதிதான். விழாமல் இருப்பது ஒரு குணம், தளராமல் இருப்பது இன்னொரு குணம். வாங்குகிறவரிடம் எதை விற்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

விழாமல் இருப்பதே முக்கியமான இடங்களும் உண்டு. விமானத்தில், ஓடும்போது சுற்றுகிற போல்ட்டில் இந்த மாதிரி இறுக்குப் பிடி நட்டை மட்டும் நம்பக் கூடாது என்பது அமெரிக்க விதி. உராய்வை நம்பாத பூட்டு ஒன்று கூடவே வேண்டும். கேசில் நட்டும் (தலையில் வெட்டு உள்ளது), அந்த வெட்டில் குறுக்கே நுழைக்கிற ஸ்பிளிட் பின்னும் இன்றைக்கும் உயிரோடு இருப்பது அதனால்தான். நைலானுக்குச் சூடு 120 பாகை செல்சியஸ் வரைதான். கழற்றி மாட்ட மாட்ட அதன் பிடியும் குறையும்.

2023 ஜூலை 20

இனி உண்மையிலேயே நட்டின் வடிவத்தில் மூளையைச் செலவழித்தவர்கள் பக்கம் வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானின் ஹார்ட்லாக்.

கட்சுஹிகோ வகபயாஷி என்பவர் அதற்கு முன்பே ஒரு நட்டு செய்து விற்றவர். மேலே தகடு ஸ்பிரிங் வைத்த நட்டு அது. நன்றாக ஓடியது. ஆனால் பாறை துளைக்கும் இயந்திரத்திலும், பைல் அடிக்கும் இயந்திரத்திலும் போட்டவர்கள் கழல்கிறது என்று புகார் சொன்னார்கள். உங்கள் கிரஷர் வாடிக்கையாளர்கள் மாதிரியே. அவர் அந்தப் புகாரை விடவில்லை. ஒசாகாவில் சுமியோஷி கோவிலின் தோரணவாயில் மரத்தூணில், குறுக்குச் சட்டம் நுழையும் இடத்தில் ஆப்பு அடித்திருப்பதைப் பார்த்திருக்கிறார். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே அந்த ஆப்பை அடித்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு நட்டிலும் சுத்தியலால் ஆப்பு அடிக்க முடியாதே. அதற்கு அவர் கண்ட வழிதான் அழகு. இரண்டு நட்டு. கீழ் நட்டின் தலையில் கூம்பு மாதிரி ஒரு மேடு. அந்தக் கூம்பின் மையம் மரையின் மையத்திலிருந்து இம்மியளவு விலகி இருக்கும். மேல் நட்டின் அடியில் அதற்கேற்ற குழி. அதன் மையம் சரியாக இருக்கும். மேல் நட்டை இறக்கினால், விலகிய கூம்பு நேரான குழிக்குள் நுழைய முடியாமல் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். அந்தத் தள்ளல் போல்ட்டைக் குறுக்கே கவ்வும். திருகுகிற செயலே ஆப்பு அடிக்கிற செயலாகிவிடுகிறது.

தகடு குறுக்கே ஆட்டுகிறது, மரையில் இருக்கிற இடைவெளியில் நட்டு பக்கவாட்டில் வழுக்குகிறது, அதனால் கழல்கிறது என்று ஜூலை 3-இல் பார்த்தோம். இவர் அந்த இடைவெளியையே அடைத்துவிட்டார். 1974-இல் கிழக்கு ஒசாகாவில் கம்பெனி தொடங்கினார். ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் பதினாறு பெட்டித் தொடருக்குச் சுமார் 20,000 நட்டு போகிறது.

லேத் வைத்திருக்கிற தம்பிக்கு: நாலு தாடைச் சக்கில் மையத்தை விலக்கிக் கடைந்து, ஒரு ஜோடி செய்து பார்க்கலாம், கற்றுக்கொள்ள. விற்பதற்கு முன்னால் காப்புரிமையைத் தேடுங்கள். அதைவிட முக்கியம், விலகல் கொஞ்சம் அதிகமானால் மேல் நட்டு மரையைத் தின்றுவிடும், குறைந்தால் கவ்வாது. அந்த அளவைப் பிடித்து லட்சக்கணக்கில் ஒரே மாதிரி செய்வதில்தான் அவர்கள் திறமை இருக்கிறது.

2023 ஜூலை 21

ஒரு நட்டுக்கு இவ்வளவு அலட்டலா என்று ஒருவர் கேட்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

2002 மே 10, இங்கிலாந்தில் பாட்டர்ஸ் பார் ரயில் நிலையம். தண்டவாளம் பிரிகிற முனையில் இரண்டு நாக்குத் தண்டவாளங்களையும் சரியான தூரத்தில் வைத்திருக்கும் குறுக்குத் தண்டுகளின் நட்டுகள் கழன்றிருந்தன. ரயில் மேலே ஓடும்போதே முனை நகர்ந்து, கடைசிப் பெட்டி தடம் புரண்டு பிளாட்பாரத்தில் ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள். 2007 பிப்ரவரி 23, இங்கிலாந்திலேயே கிரேரிக் என்ற இடம். அங்கும் அதே மாதிரிக் குறுக்குத் தண்டின் போல்ட் இணைப்பு கழன்றது. ஒருவர் இறந்தார். அதற்கு ஐந்து நாள் முன்பு நடக்க வேண்டிய பாதைச் சோதனை அந்த இடத்தில் நடக்காமல் விட்டுப்போயிருந்தது.

சல்லடைக்கு அடியிலும் ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

2023 ஜூலை 25

ஆப்பு வாஷர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்வீடனின் நார்ட்லாக் வாஷர்தான் இதில் பெயர் பெற்றது. இரண்டு வாஷர் ஜோடியாக வரும். வெளிப்பக்கம் பல், உள்பக்கம் ஒன்றோடொன்று பொருந்துகிற சரிவுப் படிகள். அந்தப் படியின் சரிவு மரையின் சரிவைவிட அதிகம். நட்டு கழலத் திரும்பினால், மேல் வாஷர் படியில் ஏற வேண்டும்; மரை இறங்குவதைவிடப் படி அதிகம் ஏறும். ஆக, கழலப் பார்த்தால் போல்ட் இன்னும் நீளும், இழுவை கூடும். உராய்வை நம்பாமல் இழுவையை வைத்தே பூட்டுகிற யோசனை. யுங்கர் சோதனையில் இதன் கோடு கிட்டத்தட்டப் படுக்கையாகப் போகும்.

நிபந்தனை உண்டு. பல் இரண்டு பக்கமும் கடிக்க வேண்டும். அடியில் இன்னொரு சாதா வாஷர் போட்டால் அந்த வாஷரே சுற்றும், பூட்டு போச்சு. வாஷரைவிடக் கடினமான தகட்டில் கடிக்காது. தடித்த பெயின்டிலும் வேண்டாம்.

2023 ஜூலை 30

பேச்சு சைக்கிளுக்குப் போய்விட்டது. போகட்டும், இதுவும் நட்டு விஷயம்தான். இடது பெடலுக்கு ஏன் இடது மரை (எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுகுவது)? பெடல் பேரிங் இறுகிப்போனால் கழலாமல் இருக்க என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பேரிங் இறுகினால் அது கழலும் பக்கம்தான் திருப்பும், யோசித்துப் பாருங்கள். உண்மைக் காரணம் வேறு. கிராங்கின் துளைக்குள் பெடல் தண்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் இருக்கிறது. மிதிக்கிற பாரம் கிராங்கைப் பொறுத்தவரை சுற்றிச் சுற்றி வருகிறது. அதனால் தண்டு துளையின் சுவரில் உருண்டு, பாரம் சுற்றுவதற்கு எதிர்த் திசையில் மெல்லத் திரும்பும். இடது பக்கம் அந்தத் திசை வலது மரையைக் கழற்றும். அதனால் இடது மரை.

பழைய பிரிட்டிஷ் லாரிகளில் இடது சக்கர நட்டுக்கும் இடது மரை இருந்தது இதே காரணத்தால்தான். கூம்பு உட்கார்வு நட்டு நன்றாக அமைந்து சக்கரத்தின் ஆட்டத்தைத் தீர்த்துவிட்டால் அந்தத் தேவையே இல்லை. ஆட்டம்தான் வியாதி.

2023 ஆகஸ்ட் 3

திரவப் பசை. லாக்டைட் மாதிரியானவை. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்துக் கல்லூரிப் பேராசிரியர் வெர்னன் க்ரீபிள் 1953-இல் கொண்டுவந்தது. காற்று பட்டால் திரவமாகவே இருக்கும், காற்று இல்லாமல் இரும்போடு சேர்ந்தால் கெட்டியாகும். பாட்டிலைப் பாதிதான் நிரப்பி விற்பது அதனால்தான், அளவில் ஏமாற்றவில்லை. மரை இடைவெளியை அடைத்து வழுக்கலைத் தடுக்கிறது, ஆகவே நன்றாகவே வேலை செய்யும். எண்ணெய் போகத் துடைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் மெதுவாகத்தான் கெட்டியாகும், கெட்டியாவதைத் தூண்டுகிற ஆக்டிவேட்டர் தேவைப்படும். உங்கள் தட்டை அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால் பலமாகப் பிடிக்கிற சிவப்பு ரகம் வேண்டாம், கழற்ற முடிகிற நீலம் போதும்.

2023 ஆகஸ்ட் 6

மரையின் வடிவத்தையே மாற்றியவர்களும் உண்டு. ஸ்பைரலாக் மரையில், நட்டின் பள்ளத்தில் 30 பாகைச் சாய்வில் ஒரு சரிவு வெட்டியிருப்பார்கள். போல்ட் சாதா போல்ட்தான். டைட் ஆகும்போது போல்ட் மரையின் முனை அந்தச் சரிவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பக்கவாட்டு இடைவெளி இருக்காது. இன்னொரு லாபமும் உண்டு. சாதா நட்டில் முதல் மரை மட்டும் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கும்; இதில் எல்லா மரைக்கும் பிரியும். நட்டு வடிவமைக்க ஆசைப்படுகிற தம்பி படிக்க வேண்டியது இதைத்தான். மரை வெட்டத் தனி டேப் வேண்டும், அது ஒன்றுதான் சிரமம்.

ஜப்பானில் ஹிரோஷி மிச்சிவாகி என்பவர் ஒரே போல்ட்டில் வலது மரையையும் இடது மரையையும் சேர்த்து வெட்டி, மேலே ஒரு நட்டு, கீழே எதிர் மரையில் ஒரு நட்டு போட்டார். ஒன்று கழலத் திரும்பினால் மற்றொன்றின் மேல் இடிக்கும், இரண்டும் சேர்ந்து சுற்ற வழியே இல்லை. கேட்கச் சுலபம். இரண்டு மரையும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகிற போல்ட்டைச் செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

2023 ஆகஸ்ட் 20

சட்டத்தின் நிரந்தர இணைப்புகளுக்கு, பெரிய சல்லடைக் கம்பெனிகள் நட்டே போடுவதில்லை என்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று. லாக் போல்ட் போடுகிறார்கள், ஹக் போல்ட் என்று கிரஷர்காரர்கள் சொல்வது. அதன் தண்டில் சுற்றி ஏறும் மரை கிடையாது, தனித்தனி வளையப் பள்ளங்கள். ஹைட்ராலிக் கருவி தண்டை இழுத்துப் பிடித்து, காலர் என்ற வளையத்தை அந்தப் பள்ளங்களுக்குள் அமுக்கிவிடும். சரிவே இல்லாததால் இறங்க வழியே இல்லை. கழற்ற வேண்டுமானால் காலரை வெட்ட வேண்டும். மாற்றுகிற தட்டுக்கு ஆகாது, பக்கத் தகட்டுக்கு இதுதான் சரி.

2023 செப்டம்பர் 10

தம்பி ஒரு சல்லடையில் மாற்றிப் பார்த்திருக்கிறார். பெயின்ட் சுரண்டியாச்சு, 80 மி.மீ. ஸ்லீவ், டார்க் ரெஞ்சில் டைட், சாதா நட்டு. ஏழு நட்டு அசையவில்லையாம், ஊட்டும் வாய்ப் பக்க மூலையில் ஒன்று மட்டும் லூஸ். நட்டு மோசம், வேறு வகை போடலாமா என்று கேட்கிறார்.

நட்டைத் தொடாதீர்கள். அந்த மூலையில் தகடும் சட்டமும் முழுக்கப் படிகிறதா என்று இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். வெல்டிங்கில் சட்டம் வளைந்திருந்தால் இழுவை முழுவதும் அந்த வளைவை நிமிர்த்துவதிலேயே போய்விடும். இடைவெளி இருந்தால் ஷிம் (மெல்லிய தகடு) போடுங்கள், இல்லையென்றால் அந்த முகத்தை மெஷினில் சமன் செய்யுங்கள். அதற்கப்புறமும் தளர்ந்தால் அந்த ஒரு மூலைக்கு ஆப்பு வாஷர்.

நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள், சுற்றினால் தெரியும். ஆனால் கோடு நேராக இருக்கிறது என்பதற்காக நம்பிவிட வேண்டாம்; ஜூலை 12 கணக்கின்படி சுற்றாமலே இழுவை போகும். முதல் நாள் ஓட்டியதும் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். எட்டுக்கும் என்ன அளவு வருகிறது என்று தனித்தனியாக எழுதி இங்கே போடுங்கள், அந்த மூலைக் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.